மேட்டரைப் பிரித்துப் போடுதல்

அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு எழுதவும் தெரியும் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. தெரியாது. ஜார்ஜ் டவுனில், பினாங்கு ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், மீசை முளைக்காத வயதில், ஈய எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கடை ரசீது, தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் நோட்டீஸ், சங்கங்களின் ஆண்டறிக்கை, மரண அறிவிப்பு என்று தலை நரைக்கும்வரை பிறர் எழுதியதையே கோத்துக்கொண்டிருந்தேன். சொந்தமாக நாலு வரி எழுத உட்கார்ந்தது அறுபதைத் தாண்டிய பிறகுதான். இப்போது எங்கள் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஞாயிறு காலைகளில் ஒரு மேஜையைச் சுற்றிச் சிலர் கூடுகிறோம். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்ந்தவர்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதைவிட எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

எழுத்துப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான். இங்கிலீஷ் கம்போசிட்டருக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி என்று பெட்டி முடிந்துவிடும். தமிழில் க, க், கி, கீ, கு, கூ ஆறும் ஆறு அச்சு. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் தனித்தனி. மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. எங்கள் கூடத்துக்குப் புது வடிவம் வந்து சேர நாளாயிற்று. வந்த பிறகும் கொஞ்ச காலம் ஒரே நோட்டீஸில் பழைய லையும் புது லையும் அக்கம்பக்கமாக நின்றன. வாடிக்கைக்காரர் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

எனக்குக் கை பழக்கியவர் போர்மன் அண்ணன். நாகப்பட்டினத்தில் தொழில் கற்று, ரஜுலா கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கியவர். எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை அவர் என்னைத் தொட விட்டதே வெகுநாள் கழித்துத்தான். அதுவரை பிரித்துப் போடுகிற வேலை. அடித்து முடிந்த பக்கத்தை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறைக்குத் திருப்ப வேண்டும். நகக்கண்ணில் ஏறிய ஈயக்கறை சோறு தின்னும்போதும் தெரியும். "கோக்கறவன் எங்கேயும் கிடைப்பான்டா. பிரிக்கத் தெரிஞ்சவன்தான் தொழில்காரன்" என்பார். ஒரு எழுத்து அறை மாறி விழுந்தால் அடுத்தவன் 'பணம்' என்று கோப்பது 'பளம்' என்று நிற்கும். அதற்கு அண்ணன் திட்டமாட்டார். அந்தப் பெட்டியை அப்படியே என் எதிரே கவிழ்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் நான் பாதியாவது அடுக்கியிருக்க வேண்டும்.

வேலை நேரத்தில் அவர் எனக்குச் சொன்ன பாடம் ஒன்றுதான்: "கண்ணு பிரதியில, கை பெட்டியில, வாய் மூடி." மற்றதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டது. அவர் கை அறையைத் தேடிப் போகாது. எழுத்தின் காடியைக் கட்டைவிரல் தடவிப் பார்த்துவிடும், தலைகீழா நேரா என்று கண் பார்க்க வேண்டியதில்லை.

எங்கள் பெட்டியில் ஆச்சரியக்குறிக்கு இருந்தது மிகச் சின்ன அறை. கவிஞர் ஒருவர் தம் தொகுப்பைக் கொண்டுவந்தார். வரிக்கு ஒன்று, உணர்ச்சி மிகுந்த இடத்தில் மூன்று. சில பக்கங்களிலேயே அறை காலி. அடுத்த சந்து அச்சுக்கூடத்துக்குக் கடன் வாங்க ஓடினேன், அவர்களிடமும் கைப்பிடிதான் இருந்தது. போர்மன் அண்ணன் பிரதியை வாங்கி, மூன்று இருந்த இடத்தில் ஒன்றும், ஒன்று இருந்த இடத்தில் முற்றுப்புள்ளியும் வைத்துப் புரூஃப் எடுத்துக் கொடுத்தார். கவிஞர் வாசித்துவிட்டு, "இப்பதான் என் கவிதை மாதிரி இருக்கு" என்றார். என்ன மாறியது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. எங்கள் ஞாயிறு மேஜைக்கும் அதே சட்டத்தை வைத்திருக்கிறேன். ஒரு கட்டுரைக்கு ஓர் ஆச்சரியக்குறி. அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

அடிக்கடி வருகிற வேலைகளை நாங்கள் பிரிக்கமாட்டோம். நாலு புறமும் நூல் சுற்றிக் கட்டி, 'கேலி' என்னும் தகட்டோடு தட்டில் ஏற்றிவிடுவோம். ஸ்டாண்டிங் மேட்டர் என்று பெயர். மரண அறிவிப்புக்கு அப்படி ஒன்று எப்போதும் தயாராக இருந்தது. கறுப்புப் பார்டர். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. இடப்புறம் 'தோற்றம்', வலப்புறம் 'மறைவு'. கீழே அன்னாரின் பிரிவால் வாடும் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். பெயரையும் தேதியையும் மாற்றி, பத்து லஞ்சாங் மயானத்துக்குப் புறப்படும் நேரத்தை ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. போனவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராக இருக்கலாம், வட்டிக்கடைக்காரராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம், வாசகம் அதேதான். துக்க வீட்டுக்காரர்கள் வாசலில் நிற்கும்போதே நோட்டீஸ் காய்ந்துவிடும். அந்த வேகம் அவர்களுக்கு ஓர் உபகாரம். அதை நான் இன்றைக்கும் குறைசொல்லமாட்டேன்.

பிறகு ஆப்செட் வந்தது, கணினி வந்தது. ஈய எழுத்தெல்லாம் எடைக்குப் போயிற்று. நான் புரூஃப் மேஜைக்கு மாறினேன். போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகை ஏறாமல் பிடித்துவைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை 1997இல் நீக்கினார்கள், கொடுத்த அவகாசமும் 1999 முடிவோடு தீர்ந்தது. 2000 பிறந்ததும் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் வாடகை எங்கேயோ போய்விட்டது. தையல்காரர், பூட்டு ரிப்பேர்க்காரர், எங்களைப் போன்ற சில்லறை அச்சுக்கூடம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காலி செய்தோம். 2008இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது அந்தச் சந்தில் எனக்கு வணக்கம் சொல்ல ஆள் அதிகம் இல்லை. அது தனியாக எழுத வேண்டிய கதை. எழுதவும் தொடங்கினேன். கோபம் மட்டுமே வந்ததால் அப்படியே கட்டி வைத்திருக்கிறேன்.

என் மனைவி போனது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. பத்திரிகைக்கு அறிவிப்பு எழுத உட்கார்ந்தேன். கை தானாக எழுதிவிட்டது. தோற்றம், மறைவு, அன்னாரின் பிரிவால். ஒரு திருத்தம்கூடத் தேவைப்படவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குப் போனபின், ஒரு நோட்டை எடுத்து அவளைப் பற்றி எழுதிப் பார்த்தேன். அன்பே உருவானவள், இன்முகம் மாறாதவள், இல்லத்தின் விளக்கு. பக்கம் பக்கமாக வந்தது. எழுதி முடித்தபின் நெஞ்சு இலேசாகும் என்று சொல்வார்களே, ஒன்றும் ஆகவில்லை. தூக்கமும் வரவில்லை.

அந்த நோட்டைப் பார்த்தவர் வாத்தியார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோவில் மலர்களுக்குப் புரூஃப் பார்க்க எங்கள் கூடத்துக்கு வந்துபோன பழக்கம். சிவப்புப் பென்சில் இல்லாத சட்டைப்பையோடு அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய வித்தை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். 1950, 51இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகைப் பக்கத்திலேயே கதை எழுதும் முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். மலாயாத் தமிழரில் ஒரு தலைமுறை அதைப் படித்துத்தான் பேனா பிடித்தது. பின்னால் அதே பத்திரிகைக்குத் தமிழ்நாட்டிலிருந்து கு. அழகிரிசாமி ஆசிரியராக வந்து சில வருஷங்கள் கோலாலம்பூரில் இருந்தார். வாத்தியார் கதை வகுப்புக் காலத்துப் பையன். பெரிய எழுத்தாளர் ஆகவில்லை, ஆசையும் பட்டதில்லை. அவருக்குப் பிடித்த வேலை திருத்துவது.

துக்கம் கேட்க வந்தவர் மேஜையில் கிடந்த நோட்டைக் கேட்டு வாங்கினார். வாசித்தார். என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன். பென்சிலை எடுத்து ஓரத்தில் 'யா', 'யா' என்று போட்டுக்கொண்டே போனார். 

"இது என்னங்கய்யா?"

"யாருக்கும் பொருந்தும்னு அர்த்தம், தம்பி."

ஒரு வரிகூடத் தப்பவில்லை. பெண்டாட்டியை இழந்தவனின் நோட்டில் இப்படியா செய்வார் ஒரு மனுஷன் என்று எனக்கு ஆத்திரம். அவர் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "அவங்க அரிசி களைஞ்சதை எழுதி வைங்க. அது மட்டும் போதும். பாசம், தியாகம் ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

என் மனைவி பாயான் லெப்பாஸில் வேலை பார்த்தவள். 1972இல் அங்கே தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்து எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வரிசையாக வந்தபோது எங்கள் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆலை பஸ் ஏறினார்கள். அவளுக்கு மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலைமயிரைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டவைக்கும் பிரிவு. கை துளி நடுங்கினாலும் உருப்படி கெட்டுப்போகும். ஆகவே கம்பி தொடும்போது மூச்சை நிறுத்திக்கொள்வார்களாம். வாத்தியார் சொன்னபடி அரிசியை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது புரிந்தது. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும்போது அவள் மூச்சு நின்றுவிடும். கல்லை எடுத்துத் தரையில் வைத்தபின் ஒரு நெடுமூச்சு விடுவாள். அத்தனை வருஷமும் அதைச் சலிப்பு என்று நினைத்திருந்தேன். "என்னம்மா அலுப்பு" என்று கேட்டும் இருக்கிறேன்.

எழுதினேன். ஐந்தாறு வரிதான். வாத்தியார் வாசித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் ஒன்றும் இல்லை. அன்றிரவு மாத்திரை இல்லாமல் தூங்கினேன்.

இதில் நடந்தது என்ன என்று யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பழைய தொழில்தான் பதில் சொன்னது. கட்டிவைத்த மேட்டர் தட்டில் கிடக்கும்வரை அதிலுள்ள எழுத்துகள் வேறு எதற்கும் உதவாது. எத்தனையோ தடவை அவசர வேலை நடுவில் 'ம்' தீர்ந்துபோய், போர்மன் அண்ணன் தட்டிலிருந்து ஒரு பழைய மேட்டரை இறக்கி நூலை அவிழ்ப்பார். என் துக்கமும் அப்படித்தான் நூல் சுற்றிக் கிடந்தது. அவிழ்த்து, கழுவி, ஒவ்வொன்றையும் அதன் அறையில் போட்ட பிறகுதான் வேறு வரி கோக்க முடிந்தது. எழுதுவது மனத்தை ஆற்றும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். கொட்டித் தீர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொட்டினால் எழுத்தெல்லாம் கலந்து, நாங்கள் 'பை' என்று சொல்லும் குவியலாகிவிடும். பொறுக்கி எடுப்பது இன்னொரு வேலை.

மனோதத்துவம் படிக்கும் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னாள். கல்லூரி மாணவர்களைத் தங்கள் வாழ்வின் கடுமையான அனுபவத்தைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நாலு நாள் எழுதச் சொன்னாராம். பின்வந்த மாதங்களில், நடந்ததையும் அதோடு சேர்ந்த உணர்ச்சியையும் எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்ததாம். ஆனால் எழுதி எழுந்த அந்த நேரத்தில் அவர்களுக்கு மனம் கனத்துத்தான் இருந்திருக்கிறது. அது எங்களுக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் ராத்திரியில் எழுத வேண்டாம் என்கிறேன். காலையில் பசியாறிவிட்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும் பசாருக்குப் போங்கள், மீன் விலை கேளுங்கள், யாரோடாவது பேசுங்கள். பாரமான ஒன்றை எழுதிவிட்டு வெறும் வீட்டில் சுவரைப் பார்த்து உட்காரக் கூடாது.

எங்கள் மேஜையில் ஓர் அக்கா. 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹலிம் ஃபெர்ரி முனையத்தின் மேல்தளம் கூட்டத்தோடு சரிந்தது. 32 பேர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் 1,600க்கும் மேல். அன்று புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவில் திருவிழாவுக்குப் போய்ப் பினாங்குத் தீவுக்குத் திரும்பக் காத்திருந்தவர்களில் இவரும் ஒருவர். முதலில் எழுதிக்கொண்டு வந்ததில் 'கோரச் சம்பவம்', 'நெஞ்சைப் பிளக்கும் அலறல்' எல்லாம் இருந்தன. மறுநாள் பத்திரிகையில் வாசித்ததையே எழுதியிருந்தார். தாம் பார்த்தது அதில் இல்லை. நான் 'யா' போடவில்லை. இப்படிப்பட்ட பக்கத்தில் பென்சில் வைக்கும் துணிச்சல் வாத்தியாருக்குத்தான் இருந்தது. "அன்னிக்குக் காலையில வீட்டில என்ன சமைச்சீங்கக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவர் அதை எழுதினார். அடுத்த வாரம் பஸ்ஸை எழுதினார். அதற்கடுத்து கோவில் வாசலில் பிள்ளைகளுக்கு வாங்கிய கச்சாங் பூத்தே பொட்டலங்களை. அந்த நிமிஷத்துக்கு அவர் வந்து சேர வெகு நாளாயிற்று. வந்தபோது எழுதியது இது: யார் யாரையோ தூக்கிவிட்டும், மிதித்தும், விழுந்தும் வெளியே வந்து வீடு சேர்ந்தபின் பார்த்தால் பொட்டலம் கையிலேயே இருந்தது. ஓர் ஆளைப் பிடித்திழுக்க வேண்டிய கையில் கடலையைப் பிடித்திருந்தேனே என்று அத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லவில்லை. இதை வாசித்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது எங்களில் ஒருவர், முன்னாள் ஃபெர்ரி ஊழியர், "பயத்தில கை பூட்டிக்கும்மா. அவிழாது. நான் பார்த்திருக்கேன்" என்றார். அந்த ஒரு பேச்சு எங்கள் எல்லோர் எழுத்தையும்விட அவருக்கு உதவியது என்றே நினைக்கிறேன். ஆனால் பொட்டலத்தை எழுதியிராவிட்டால் அந்தப் பேச்சு வந்திருக்காது.

ஆகவே பாரமான விஷயத்தை நேராகப் போய் முட்டாதீர்கள். அதற்கு முந்திய வேளைச் சோற்றிலிருந்து ஆரம்பியுங்கள். கை நடுங்கினால் நிறுத்திவிட்டு, அன்று போட்டிருந்த சட்டை எந்தக் கடையில் எடுத்தது என்று எழுதுங்கள். சில நாள் அதோடு நின்றுவிடும். நிற்கட்டும்.

இது எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொன்னதில்லை. ஒருவர் வந்தார். பாகப்பிரிவினையில் தம்பி செய்த அநியாயத்தை எழுத வேண்டும் என்றார். எழுதினார், மறுவாரமும் அதையே எழுதினார். ஒவ்வொரு தடவையும் தம்பி இன்னும் கெட்டவராகவும் இவர் இன்னும் நல்லவராகவும் ஆகிக்கொண்டே போனார்கள். தம்பியின் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம். இப்போது வருவதில்லை, காலையில் தாவரத் தோட்டத்தில் நடக்கிறாராம். அவருக்கு அதுதான் வைத்தியம்.

சாமான்களைப் பற்றிக் கேட்கிறார்கள். தோல் அட்டை டைரி வாங்காதீர்கள். நல்ல தாளைப் பார்த்தால் நல்ல வாக்கியம் எழுத வேண்டும் என்ற பயம் வந்துவிடும். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதும் 555 நோட்டுப் போதும். சட்டைப்பையில் அடங்கும், பஸ்ஸில் எடுத்து எழுதலாம், பக்கம் சின்னதென்பதால் சீக்கிரம் ஒரு பக்கம் முடிந்த திருப்தி கிடைக்கும். 2பி பென்சில். பேனா வயசான விரலை வழுக்கும். ஒரு பக்கம் எழுதி எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடுங்கள், திருத்தம் அங்கே. பக்கவாதத்தில் வலக்கை போன ஒருவர் கைப்பேசியில் பேசி எழுதுகிறார். அதற்கு நான் எதிரியில்லை. ஆனால் அது எழுதிக்கொடுத்ததை வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறேன். அது அவர் சொல்லாத சொற்களையெல்லாம் போட்டுவைத்திருக்கும்.

புரூஃப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது, அதை மட்டும் கண்டிப்பாகப் பழகிக்கொள்ளுங்கள். கடைசி வாக்கியத்திலிருந்து மேலே ஏறி வாசிப்பது. மேலிருந்து வாசித்தால் கதை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை தெரியாது. கீழிருந்து வந்தால் ஒவ்வொரு வாக்கியமும் தனியாக நிற்கும். அப்போது கேளுங்கள்: இதை நான் கண்டேனா, கேட்டேனா, இல்லை வேறெங்கோ படித்ததா? கண்டதை வைத்துக்கொண்டு மற்றதை அடியுங்கள். அடிக்கும்போது வருத்தமாக இருக்கும். நான் நோட்டின் கடைசியில் அடித்தவற்றுக்கென்று நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அங்கே நகல் எடுத்து வைத்துவிட்டால் அடிக்க மனம் வரும். இதுவரை அதிலிருந்து எதையும் திரும்ப எடுத்ததில்லை.

இந்த வயசில் தொடங்கி என்ன ஆகப்போகிறது என்பது அடுத்த கேள்வி. உ.வே.சாமிநாதையர் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடங்கியது 1940இல். 1855இல் பிறந்தவர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1942இல் அவர் இறந்தபோது கதை மணிமேகலைப் பதிப்பு வந்த காலத்தில் நிற்கிறது, அதற்கு மேல் இல்லை. யாராவது அதை அரைகுறை என்று சொல்கிறார்களா? நம் நாட்டிலேயே அ. ரெங்கசாமி, சயாம் ரயில் பாதையில் மடிந்த தமிழர்களைப் பற்றிய 'நினைவுச்சின்னம்' நாவலைத் தந்தது எழுபதைத் தாண்டிய பிறகு. முத்தம்மாள் பழனிசாமி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின்பு, தம் குடும்பம் கொங்கு நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்த கதையை எழுதினார். 'நாடு விட்டு நாடு' என்ற அந்தப் புத்தகம் எங்கள் மேஜையில் அட்டை கிழியும்வரை சுற்றியது.

ஆனால் படிக்க ஒன்றே ஒன்று சொல் என்றால் 'கவலை' என்பேன். நாவலாசிரியர் பொன்னீலனின் தாயார் அழகியநாயகி அம்மாள் எழுதியது. பெரிய படிப்பில்லாத கிராமத்து அம்மா வயசான காலத்தில் தம் வாழ்க்கையை, தாம் பேசுகிற குமரி மாவட்டத் தமிழிலேயே எழுதிவைத்தார். 1998இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அதைப் புத்தகமாக்கியது. அதை நாங்கள் வாய்விட்டு வாசித்தபோது, ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய ஒரு பாட்டி, "இப்படிப் பேசற மாதிரியே எழுதலாமாய்யா?" என்று கேட்டார். அதுவரை அவர் பள்ளிப் புத்தகத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். அதில் கங்காணி இல்லை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை, பால் பிடிக்கும் மங்கைத் துடைக்கும் ஓசை இல்லை. அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த பக்கத்தில் இருட்டோடு பெரட்டுக்குப் போகும் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் பேசிக்கொண்டே போனார்கள்.

புத்தகம் போடுவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அச்சுத் தொழிலில் இருந்தவன் என்பதால் கேட்கிறீர்கள், அச்சுத் தொழிலில் இருந்தவன் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். வெளியீட்டு விழாவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுக் கட்டுக்கட்டாகப் புத்தகத்தைக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஃபோட்டோஸ்டாட் எடுத்து ஸ்டேப்ளர் அடித்து வீட்டாருக்குக் கொடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே என்று சிலர் வருந்துகிறார்கள். எங்கள் வீட்டிலும் அதே நிலைதான். பெரிய பேரன் சீனப்பள்ளியில் படித்தவன். நான் வாசிக்க அவன் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டான். பாட்டி மூச்சை நிறுத்தும் இடம் வந்ததும், "அது அம்மாவும் செய்வாங்க, ஊசியில நூல் கோக்கும்போது" என்றான். என் மகள் ஆலை வேலைக்குப் போனதே இல்லை. இதை இனிமேல்தான் எழுத வேண்டும்.

இப்போது கையில் இருப்பது போர்மன் அண்ணன். அவருடைய கைகள் வந்துவிட்டன. முகம் வரவில்லை. எதிர்ப்பெட்டியில் நின்று வேலை பார்த்தவனுக்குக் குனிந்த தலைதான் தெரியும். வாத்தியார் இருந்திருந்தால், "தெரிஞ்ச தலையை எழுதுங்க" என்றிருப்பார். அவரும் போய்விட்டார், அவர் பேனா பிடித்த தமிழ் நேசனும் 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டது. அண்ணனின் உறவுக்காரர் ஒருவர் பிறை என்ற ஊரில் இருப்பதாகக் கேள்வி. படம் ஏதாவது இருக்கிறதா என்று போய்க் கேட்க வேண்டும்.

வருகிறவர்கள் ஞாயிறு ஒன்பதரைக்கு வாருங்கள். லிஃப்ட் சில வாரம் ஓடும், சில வாரம் ஓடாது. 555 நோட்டு, பென்சில், மூக்குக்கண்ணாடி மூன்றும் கொண்டுவர வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறீர்கள். கண்ணில் புரை எடுத்து டாக்டர் இன்னும் சரி என்று சொல்லாதவர்கள் எழுத வேண்டாம், கேட்டுக்கொண்டு உட்காரலாம். முதல் நாள் எழுத விஷயம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், நானே கொடுப்பேன்: உங்கள் வீட்டில் அரிசி எந்தப் பாத்திரத்தில் இருந்தது, அளக்கும் டின் எது. கோப்பி முறைவைத்து வாங்குகிறோம், இந்த மாதம் என் செலவு.